‘பால் வத்திப்போகும்’ என்று நான் சொன்னது

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆவணி மாதப் பள்ளிக்கூட விடுமுறை. எங்கள் வீடு வட்டக்கச்சியில். அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் முக்கால் மணித்தியாலத்தில் போகக்கூடிய தூரத்தில் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா புதிதாகத் திறந்திருந்தார்கள். சறுக்குகள், செயற்கை அலை, குட்டி ரயில் எல்லாம் உள்ள இடம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய வகுப்பில் பாதிப் பேர் அங்கே போய்வந்துவிட்டார்கள். போகாத பாதியில் தானும் இருப்பது அவளுக்குப் பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வாய்க்காரி. “உனக்கு வாயைச் செய்து மிஞ்சின மண்ணிலதான் கடவுள் மற்றதுகளைச் செய்தவர்” என்று என் அம்மா சொல்லுவா. நான் ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டுமென்றால் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. எதையும் பகிடியாகச் சொல்லிவிட்டால் யாருக்கும் நோகாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அப்போது என் மகனுக்கு ஐந்து மாதம். மகள் பிறந்தபோது மூன்றாம் மாதத்திலேயே எனக்குப் பால் நின்றுபோனது. அவள் மாப்பாலில் வளர்ந்தவள். அவளுக்குத் தடிமன் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் “தாய்ப்பால் குடியாத பிள்ளைதானே” என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அதனால் மகன் பிறந்தபோது, இந்த முறை விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றேன். பால்சுறா வறை, உள்ளிக் குழம்பு, முருங்கையிலை என்று, பால் சுரப்பதற்காக மாமி, என் கணவரின் தாய், ஆக்கித் தந்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குப் போனபிறகு, கையால் அமுக்குகிற பம்ப் ஒன்று வாங்கினேன். பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் இருந்து, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒரு தடவை தவறினால் அடுத்த நாள் குறையும். அதை இரண்டு தரம் கண்டுவிட்டேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் இது ஒன்றுதான். பால் வத்திவிடுமோ, இவனும் மாப்பாலில்தான் வளர்வானோ.

ஆகவே பூங்காவுக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. ஆனால் மகள் தன் ரீச்சரிடம், “அம்மா இப்ப தம்பிக்கு மட்டும்தான் அம்மா” என்று சொல்லியிருக்கிறாள். ரீச்சர் அதைச் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமையே போவதென்று முடிவெடுத்தோம்.

மகனைக் கொண்டுபோக மாமி விடவில்லை. “வெய்யில், தண்ணி, சனம். அதோட எத்தினை பேற்ற கண். நான் பாக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ” என்றா. மாமிக்குக் கண்ணூறில் அப்படியொரு நம்பிக்கை. நான் எடுத்து வைக்கும் பாலை யாரும் பார்க்கக்கூடாது, அதிலும் பிள்ளை இல்லாத பெண்கள் பார்த்தால் பால் வத்திப்போகும் என்பா. நான் அதைச் சொல்லி மாமியைப் பகிடி பண்ணுவேன். ஆனால் போத்தலை ஒரு துண்டால் சுற்றித்தான் வைப்பேன். பகிடி வேறு, பயம் வேறு.

மகனுக்கு எட்டு மணிக்குப் பால் கொடுத்து, எடுத்து வைத்திருந்த பாலை மாமியிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு, பம்பையும் ஐஸ் பெட்டியையும் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். என் கணவர், மகள், நான்.

அங்கே நல்ல சனம். மகள் தண்ணீரைக் கண்டதும் எங்களை மறந்துவிட்டாள். அவர் அவளோடு இறங்கினார். நான் கரையில் குடையின் கீழ் இருந்தேன். பதினொரு மணிபோல எனக்குப் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை பசியில் அழத் தொடங்கியது. அழுவது வேறு யாருடைய பிள்ளையோ என்பது தாயின் உடம்புக்குத் தெரிவதில்லை. எனக்கு நெஞ்சு கனத்து, சட்டை நனையத் தொடங்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் உடுப்பு மாற்றும் பக்கம் ஓடினேன்.

அந்த இடம் முழுக்க ஈரம். தட்டி வைத்து மறைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் வெளியே வரிசை. இருப்பதற்கு ஒரு கதிரைகூட இல்லை. மிஞ்சியிருந்தது கழிவறை. பிள்ளை குடிக்கிற பாலைக் கழிவறைக்குள் இருந்து எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அங்கே ஒரு பெண் நீளப் பிடி போட்ட கட்டையால் தரைத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். மெலிந்த ஆள். பூங்காவில் வேலை செய்பவர்கள் போடுகிற கடும்நீல ரீசேட்டும் நீளப் பாவாடையும் போட்டிருந்தாள். அவளிடம் போனேன்.

“தங்கச்சி, இஞ்ச பிள்ளைக்குப் பால் குடுக்கிற இடம் ஒண்டும் இல்லையோ? பால் எடுக்கவேணும். பிள்ளை வீட்டில நிக்குது.”

அவள் என் பையைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். “வாங்கக்கா, எங்கூட வாங்க” என்றாள். பேச்சிலேயே தெரிந்தது, மலையகத்திலிருந்து வந்து தர்மபுரம் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. சுவரோடு இருந்த ஒரு சின்ன அறையைத் திறந்தாள். மிதக்கும் வளையங்களும் பாதுகாப்பு அங்கிகளும் அடுக்கி வைக்கும் அறை. உள்ளே ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. அதைத் துடைத்து, எங்கிருந்தோ ஒரு சுத்தமான துணியை எடுத்து அதன்மேல் விரித்தாள். “கதவுக் கொண்டி சரியா விழாதுங்க. நான் வெளியே நின்னு பார்த்துக்கிறேன்” என்றாள்.

இவ்வளவு உதவி செய்த ஒருத்தியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த அடைத்த அறைக்குள் நல்ல மல்லிகை வாசம் அடித்தது. அவள் தலையில் பூவைக் காணவில்லை. என் வாய் சும்மா இருக்குமா.

“என்ன தங்கச்சி, பூ வாசம் மூக்கைத் துளைக்குது. தலையில காணேல்லை. வேலையிடத்தில வைக்க விடமாட்டினம் எண்டு எங்கையோ ஒளிச்சு வச்சிருக்கிறீர் போல. புதுசாக் கலியாணம் முடிச்சனீரோ?”

“இல்லைங்கக்கா, ரெண்டு வருசமாச்சு.”

“பிள்ளையள்?”

அவள் இல்லையென்று தலையாட்டிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நான் இருந்து பால் எடுக்கத் தொடங்கினேன்.

பாதியில் பம்பின் ரப்பர் மூடி கழன்று தரையில் விழுந்தது. ஒரு கை பம்பில், மற்றக் கை போத்தலில். எழும்பினால் எடுத்த பால் சிந்தும். அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். சுடுதண்ணீரை ஊற்றி அந்த மூடியைக் கழுவச் சொன்னேன். பொறுமையாக இரண்டு தரம் கழுவினாள். கழுவியதை நீட்டும்போது அவளுடைய கண் என் மடியில் இருந்த போத்தலில் விழுந்தது. அதில் பாதியளவு பால். அவள் பார்வையை எடுக்கவேயில்லை. நான் மூடியை வாங்கிய பிறகும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் திடுக்கென்றது. மாமி சொன்னதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. பிள்ளை இல்லை என்று இப்போதுதான் சொன்னாள். சால்வையை இழுத்துப் போத்தலை மூடினேன். மூடியதோடு விட்டேனா, இல்லை. பகிடி போலச் சிரித்துக்கொண்டு, “அப்பிடிப் பாக்காதையும் தங்கச்சி. பிள்ளை இல்லாதவை பாத்தால் பால் வத்திப்போகும் எண்டு எங்கட மாமி சொல்லுறவா” என்றேன்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “மன்னிச்சுக்குங்கக்கா” என்றாள். சுடுதண்ணீர்ப் போத்தலை மூடி என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பேனா? பிறகு இதைப் பலமுறை என்னிடமே கேட்டிருக்கிறேன். சொல்லியிருக்கமாட்டேன். தரை துடைக்கிற பெண், வேற்றூர்ப் பேச்சுப் பேசுகிறவள், அதனால்தான் வாய் அவ்வளவு லேசாக வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

பால் எடுத்து முடிந்தது. வழக்கத்தைவிடக் கூடவே வந்திருந்தது. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, சந்தோசத்தோடு கதவைத் திறந்தேன். அவள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வளையம் எடுக்க வந்த யாரையோ, “உள்ளே ஒரு அம்மா இருக்காங்க, செத்த நேரம் பொறுங்க” என்று மறித்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததை அறிந்து திரும்பினாள். அவளுடைய நீல ரீசேட் நெஞ்சில் நனைந்திருந்தது. நான் முதலில் அதைக் கவனத்தில் எடுக்கவில்லை. அந்த இடத்தில் நனையாமல் யார் இருக்கிறார்கள். பிறகுதான் கண்டேன், இரண்டு பக்கமும் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. நான் பார்ப்பதைக் கண்டு அவள் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். இழுத்தபோது உள்ளேயிருந்து ஒரு மல்லிகைப் பூ நழுவித் தரையில் விழுந்தது. சூட்டில் வெந்து பழுப்பு நிறமாகியிருந்த பூ.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளை பிறந்து, பிள்ளை இல்லாமல் போனால், பாலை நிறுத்துவதற்கு மல்லிகைப் பூவை மார்போடு வைத்துக் கட்டுவார்கள். என் சின்னம்மாவுக்குக் கட்டியதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அந்த வாசத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் புதுப்பெண்ணோ என்று கேட்டிருக்கிறேன்.

“பிள்ளை…” என்றேன்.

“போயிருச்சுங்க. இன்னைக்கு இருவது நாளு” என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள், குரலை உயர்த்தாமல், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. “ஏழு மாசத்துலயே பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள. ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில ஒம்பது நாளு வச்சிருந்தாங்க. அப்ப எனக்குப் பாலே வரலங்க. பிழிஞ்சு பிழிஞ்சு பார்ப்பேன், ரெண்டு சொட்டு வரும். அதைத்தான் ஊசிக் குழாய்ல எடுத்துக் குடுப்பாங்க. புள்ளைய அடக்கம் பண்ணி மறுநாள்தாங்க பால் கட்டுச்சு. இப்ப நிக்க மாட்டேங்குது.”

பால் வரவில்லை என்று நான் எத்தனை நாள் அழுதிருக்கிறேன். அதைவிடப் பெரிய துக்கம் ஒரு தாய்க்கு இல்லை என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

“ஏன் இதுக்குள்ள வேலைக்கு வந்தனீர்? வீட்டில கொஞ்ச நாள் படுத்திருக்கலாமே” என்று கேட்டேன்.

“வீட்டுல இருந்தா அந்தத் துணிமணியெல்லாம் பார்த்துக்கிட்டே இருக்கணும்ங்க. இங்கன்னா தண்ணியைத் தள்ளிக்கிட்டு இருக்கலாம். ரொம்ப வலிச்சா அந்த ரூமுக்குள்ள போய் ஒக்காருவேன். நீங்க அந்த மெசின்ல எடுக்கிற சத்தம் கேட்டதும் இப்படி ஆயிருச்சு.”

கதிரையும் சுத்தமான துணியும் அங்கே ஏன் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய இடத்தைத்தான் எனக்குத் தந்திருக்கிறாள். நான் பையைத் திறந்து பம்பை எடுத்தேன். “நல்லாக் கழுவித் தாறன். நோகிறதுக்குக் கொஞ்சம் எடுத்துவிடும்” என்றேன். அவள் வேண்டாமென்றாள். எடுத்தால் இன்னும் ஊறும் என்று மருத்துவமாது சொல்லியிருந்தாவாம்.

“நான் சொன்னதை மனசில வச்சிருக்காதையும் தங்கச்சி. எனக்கு வாய் கூடிப்போச்சு” என்றேன்.

“அய்யோ, அதெல்லாம் இல்லைங்கக்கா” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “அக்கா, அது நெசமாங்க? யாராச்சும் பார்த்தா பால் வத்திருமா? புள்ள இல்லாதவங்கதான் பார்க்கணுமா, இல்ல நீங்க பார்த்தாலும் வத்துமா?”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மருந்துக்கடையில் ஒரு மருந்து இருக்கிறதா என்று விசாரிப்பதுபோல உண்மையாகவே கேட்டாள். பூ கட்டிப் பார்த்தாயிற்று, வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. யாரோ உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறதென்று கூப்பிட்டார்கள். “போய்ட்டு வர்றேங்க” என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, கட்டையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் திரும்பிப் போய்க் குடையின் கீழ் இருந்தேன். மகள் சறுக்கின் உச்சியில் நின்று என்னைப் பார்க்கச் சொல்லிக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். கணவர் வந்து, ஏன் முகம் ஒருமாதிரி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், நான் சொன்ன வார்த்தையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகளுக்குச் சாப்பிட வாங்கி வைத்திருந்த ரோலைப் பிரித்து என் கையில் தந்தார். என்னால் சாப்பிட முடியவில்லை.

இரண்டு மணிக்கு மறுபடியும் பால் எடுக்க வேண்டும். எந்த முகத்தோடு அங்கே போவது. எடுக்காமலே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நெஞ்சு கட்டி வலிக்கத் தொடங்கிவிட்டது. அவளுக்கு இருபது நாளாக இந்த வலிதான் என்ற எண்ணம் வந்ததும் எழும்பிப் போனேன்.

என்னைக் கண்டதும் அவள் கதவைத் திறந்துவிட்டாள். கதிரை துடைத்திருந்தது. வேறொரு துணி விரித்திருந்தது. நான் திரும்பவும் வருவேன் என்று அவளாகவே ஆயத்தமாக வைத்திருந்தாள். நான் இருந்து கொஞ்சம் எடுத்தபோது ரப்பர் மூடி மறுபடியும் கழன்று விழுந்தது; கூப்பிட்டதும் வந்து, கழுவித் தருகிறேன் என்று சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்தாள். கழுவினாள். முகத்தை வளையங்கள் இருந்த பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள்.

முதலில் எனக்கு அது பிடிபடவில்லை. அவளுக்குக் கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. கோபமில்லை. என் பிள்ளையின் பாலுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அவள் பார்க்காமல் நிற்கிறாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். கையில் ஒருநாளும் தூக்கிப் பால் கொடுக்கக் கிடைக்காத ஒரு தாய், யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காகத் தன் கண்ணைத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“இஞ்சாலை திரும்பும் தங்கச்சி” என்றேன். அவள் திரும்பவில்லை.

“வேணாங்கக்கா. எதுக்குங்க.”

“திரும்பும். அது ஒண்டும் உண்மையில்லை. நான் சொன்னது விசர்க் கதை. உம்மட கண் பட்டு என்ர பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. பாரும்.”

போத்தலைச் சுற்றியிருந்த துண்டை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி பிடித்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் பால்தான் இருந்தது. நீண்ட நேரம் பார்த்தாள். விரலின் நுனியால் போத்தலின் வெளிப்பக்கத்தை ஒருதரம் தொட்டாள். “சூடா இருக்குங்க” என்றாள். பிறகு, “ஒங்க புள்ள நல்லா குடிக்கட்டும்” என்றுவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு எவ்வளவு நேரம் பம்பை அமுக்கினேன், எவ்வளவு பால் வந்தது என்று எனக்கு நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமி எங்களை வாசலிலேயே மறித்து, செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப்போட வேண்டுமென்றா. எத்தனை பேருடைய கண் பட்டதோ என்றா. “இண்டைக்கு வேண்டாம் மாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மகனைத் தூக்கினேன். அவன் பசியில் ஆவலாதியாகக் குடித்தான். நான் அழுதுகொண்டே கொடுத்தேன். மாமி என்ன என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பிரிந்திருந்த துக்கம் என்று நினைத்திருப்பா.

மகளின் அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் அங்கே போனோம். அந்த இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நான் அன்றைக்கு அவளிடம் பேர்கூடக் கேட்கவில்லை. பேர் தெரியாமல் யாரை என்று விசாரிப்பது. ஒரு நல்ல சேதி இருந்திருந்தால் அதைக் கேட்கத்தான் ஆசை, ஆனால் அதற்கான உரிமையும் எனக்கில்லை என்று திரும்பிவிட்டேன்.

என் மகன் ஒன்றரை வயதில் தானாகவே பால்குடியை மறந்தான். எனக்குப் பால் எந்த நாளில் நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வத்திவிடுமோ என்று அவ்வளவு பயந்தவள், அது வத்தியபோது கவனிக்கக்கூட இல்லை. அவளுக்கு அந்த நாள் நிச்சயம் தெரிந்திருக்கும். அன்றைக்கு அவள் வலி விட்டது என்று நிம்மதியாகப் படுத்தாளா, அல்லது பிள்ளை தன்னிடம் விட்டுப்போன கடைசிப் பொருளும் போய்விட்டதே என்று இருந்து அழுதாளா என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன், யோசிக்கும்போதெல்லாம் சொல்ல வந்த ஏதோ ஒரு பகிடியை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொள்கிறேன்.